பாதாம் இலையில் வைத்த பொட்டு

பல்லடத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், தெய்வாத்தாளைத் தெரியாது என்று சொல்லமாட்டார்கள். சொல்லும்போது முகம் கொஞ்சம் கோணும், அது வேறு விஷயம். அந்த அம்மாள் ஒரு புடவையைக் கடைக்குள் வைத்துப் பார்த்ததாகச் சரித்திரமே கிடையாது. மடிப்பைக் கலைத்துத் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போவாள். பஸ் போகிற ரோட்டோரம் நின்று வெயிலில் விரித்துப் பார்ப்பாள். புடவையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள் என்று நினைத்துக் கடை ஆட்கள் பின்னாலேயே ஓடிவந்ததும் நடந்திருக்கிறது.

“ஏனுங்க, உங்க டியூப்லைட்டு பொய் சொல்லுமுங்க. மொதல்ல வெளிச்சத்தப் பாக்கோணும். அப்பறந்தான் துணியப் பாக்கோணும்” என்பாள்.

கல்யாண ஜவுளி எடுக்கப் போகும் சொந்தக்காரர்கள் அவளிடம் சொல்லாமல் போவதே வழக்கமாகிவிட்டது. ஒரு முகூர்த்தப் பட்டு எடுக்க நாலு கடைக்காரர்களை ரோட்டில் நிறுத்தினால் யார்தான் தாங்குவார்கள்? ஆனால் அவள் சொன்ன நிறம் ஒருநாளும் தப்பியதில்லை என்பதையும் அவர்களேதான் சொல்வார்கள்.

தெய்வாத்தாளுக்கு வயது ஐம்பத்தொன்று. சாயப்பட்டறை ஒன்றின் லேபில் ஷேடு பார்க்கிற வேலை. வெளிநாட்டுக்காரன் உள்ளங்கை அகலத் துணியை அனுப்பி, இதே நிறத்தில் பத்தாயிரம் கிலோ வேண்டும் என்பான். சாயத்தில் முக்கி எடுத்த துணி அந்தத் துண்டோடு ஒத்துப்போகிறதா, கடுகளவு சிவப்பு ஏறிவிட்டதா, நீலம் இறங்கிவிட்டதா என்று பார்த்துச் சொல்ல வேண்டியது அவள். அவள் கையெழுத்துப் போட்டால்தான் துணி அடுத்த இடத்துக்கு நகரும். போடவில்லையென்றால் மறுபடியும் சாயத்தொட்டிக்குத்தான் போக வேண்டும். எம்.டெக். படித்தவரானாலும் முதலாளிக்கு மச்சானானாலும் அந்த விஷயத்தில் அவளிடம் ஜம்பம் சாயாது.

இத்தனைக்கும் படிப்பு பத்தாவதுதான். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் ஒரு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டப் போனவள். ஒருநாள் மேஜையில் கிடந்த சட்டையைக் காட்டி, “ரெண்டு கையும் வேற வேற கலருங்க” என்றாள். சுற்றியிருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை. சாய மாஸ்டர் வந்து ஒரு மணி நேரம் கத்தினார். தெய்வாத்தாள் சட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வெயிலுக்குப் போனாள். பின்னாலேயே போன மாஸ்டர் திரும்பி வரும்போது கத்தவில்லை. அடுத்த மாதம் அவளை லேபில் உட்காரவைத்தார்கள். அவளுடைய பட்டம், சர்டிபிகேட், சிபாரிசு எல்லாமே அந்த இரண்டு கண்கள்தான்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த கணவர் சென்னியப்பன். வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டு தறி ஓடுகிற குடோன் அவருடையது. நெய்வது காடாத் துணி. வெள்ளையென்றும் சொல்ல முடியாது, பழுப்பென்றும் சொல்ல முடியாது, சாயமே காணாத துணி. முப்பது வருஷமாக அந்த ஒரே நிறத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனுஷனுக்கு உலகத்தில் மொத்தம் ஆறு நிறம். ஏழாவது ஒன்று இருப்பதாகச் சொன்னால் சிரிப்பார்.

தெய்வாத்தாள் படம் வரைய ஆரம்பித்தது கொரோனா சமயத்தில். சாயப்பட்டறை மூடிக்கிடந்தது. வேலையில்லாமல் இருந்தால் மற்றவர்களுக்குக் கை அரிக்கும், அவளுக்குக் கண் அரித்தது. வாசலில் ஒரு பாதாம் மரம். தை மாசியில் ஒரு தரமும் ஆடி ஆவணியில் ஒரு தரமும் இலைகளைப் பழுக்கவிட்டு உதிர்த்துத் தள்ளும். இருபது வருஷமாக அந்தச் சருகைத் திட்டிக்கொண்டே கூட்டியவள், ஒருநாள் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு ஓர் இலையைக் கையில் எடுத்தாள். நுனியில் மாதுளைச் சிவப்பு. நடுவில் செங்கல் நிறம். அங்கங்கே குங்குமத்தைத் தெளித்த மஞ்சள். நரம்போரம் மட்டும் பச்சை விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரே இலையில் ஒன்பது ஷேடு எண்ணினாள்.

கோயமுத்தூரிலிருந்து கேன்வாசும் அக்ரிலிக் டியூபுகளும் வரவழைத்தாள். முறையாகப் படித்தவர்கள் வரைகிற மாதிரி அவள் வரைவதில்லை. ஷேடு பார்க்கிற மாதிரிதான் வரைவாள். இலையை எதிரில் வைத்துக்கொண்டு நிறத்தைக் கலப்பாள். கலந்ததில் ஒரு துளி எடுத்து அந்த இலைமேலேயே பொட்டு வைப்பாள். பொட்டு தனியாகத் தெரிந்தால் நிறம் தப்பு, மறுபடியும் கலக்க வேண்டும். பொட்டு இலையோடு கரைந்து காணாமல் போனால்தான் தூரிகை கேன்வாசைத் தொடும். ஓர் இலை முடிய மூன்று நாள் ஆகும். முடிந்த இலையைப் பார்த்தால் காற்று அடித்தால் பறந்துவிடுமோ என்று இருக்கும். வீட்டு ஹாலில் அப்படி நாலு படங்கள் தொங்குகின்றன.

அவளுக்கு ஒரே ஒரு பகை ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து பல்லடத்தைப் புரட்டுகிற காற்று. போர்ட்டிகோவில் உட்கார்ந்து வரைந்தால் ஈரப் பெயின்ட்டில் ஊர்ப் புழுதியெல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும். “மண்ணக் கொழச்சுப் பூசுன மாதிரி ஆயிப்போச்சுங்க” என்று புலம்பினாள். புலம்பியதை மறந்தும் போனாள்.

சென்னியப்பன் மறக்கவில்லை. போன ஆனியில் அவரே ஆளை வைத்து மொட்டைமாடியில் படியை ஒட்டி ஒரு கொட்டகை போட்டுக் கொடுத்தார். காற்று வருகிற பக்கம் ஹாலோபிளாக் சுவர், மற்ற பக்கங்களில் தடுப்பு, மேலே வெளிச்சம் இறங்குகிற பைபர் ஷீட்டு, உட்கார ஒரு நாற்காலி.

“பச்சை கலராப் பாத்து வாங்கியாந்தேன் அம்மணி. கண்ணுக்குக் குளுமையா இருக்கும்” என்றார்.

கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷத்தில் அவர் நிறம் பார்த்து வாங்கிய முதல் பொருள் அதுதான். தெய்வாத்தாள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். நல்லா இருக்குதுங்க என்றாள்.

அந்தக் கொட்டகையில் அவள் வரைந்த முதல் படம் தங்கை மகள் ஹரிதாவுக்கு. சரவணம்பட்டியில் புது வீடு, ஆவணியில் குடிபோகிற புண்ணியார்ச்சனை. ஹால் சுவருக்குப் பெரியம்மா கையால் ஒரு படம் வேண்டும் என்று அவளே கேட்டிருந்தாள். நாலடி அகலத்தில், மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் முப்பது இலைகள். ஆடி முழுக்க உட்கார்ந்து வரைந்தாள். ஒவ்வொரு பொட்டும் ஒழுங்காகக் கரைந்தது. இன்னும் சொன்னால், எந்தப் படத்துக்கும் இவ்வளவு சுலபமாகக் கரைந்ததில்லை. கை தேறிவிட்டது என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட வந்தது. காய்ந்ததும் சென்னியப்பன் புழுதி படாமல் அங்கேயே ஒரு பவானி ஜமக்காளத்தில் சுற்றிக் கட்டி, காரில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

விசேஷத்தன்று காலையில் தெய்வாத்தாள் புது வீட்டுக்குள் நுழைந்தாள். ஜன்னல் வழியாக வெயில் நேரே படத்தின்மேல் விழுந்துகொண்டிருந்தது. எதிரில் நின்ற ஒரு பெரியவர் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“மொளகாப் பழம் காயப்போட்டிருக்கற படமுங்களா? நல்லா இருக்குதுங்க. காரம் மூக்குல ஏறுது.”

நாலு பேர் சிரித்தார்கள். ஹரிதா, “இல்லீங்க, அது மாடர்ன் ஆர்ட்டுங்க” என்று சமாளித்தாள். தெய்வாத்தாள் சிரிக்கவில்லை. பெரியவர் சொன்னதில் தப்பே இல்லை. சிவப்பு அலறியது. செங்கல் நிறம் இருக்க வேண்டிய இடத்தில் ஆரஞ்சு மிட்டாய். மஞ்சளுக்கும் பழுப்புக்கும் நடுவே இருக்க வேண்டிய அத்தனை படிகளையும் யாரோ வழித்து எடுத்துவிட்ட மாதிரி இருந்தது. எட்டாவது படிக்கிற பிள்ளைகூட இதைவிட ஒழுங்காக நிறம் அடிக்கும். இதை வரைந்தது தன் கை. இது சரி என்று முப்பது தடவை சொன்னது தன் கண்.

அவள் அம்மாவுக்கு ஐம்பது வயதில் கண்ணில் புரை விழுந்தது. மஞ்சள் நூலையும் வெள்ளை நூலையும் மாற்றி மாற்றி ஊசியில் கோத்தது ஞாபகம் வந்தது.

பந்தியில் உட்கார்ந்து வாழை இலையைப் பார்த்தாள், கேசரியைப் பார்த்தாள், பருப்பைப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் தெரிந்தன. ஆனால் தப்பாகப் பார்க்கிற கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தானே தெரியும்? இப்போது சரியாகத் தெரிகிறதே, வரையும்போது மட்டும் ஏன் தெரியவில்லை என்று நிதானமாக யோசித்திருக்கலாம். பயந்த மனசு யோசிக்குமா? கண் விட்டுவிட்டு வேலை செய்கிறது, மழைக்காலத்துக் கரண்ட்டு மாதிரி, என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். வீட்டுக்கு வந்து ஹாலில் இருந்த பழைய நாலு படங்களையும் பார்த்தாள். அவை நன்றாகவே இருந்தன. போன வருஷம் வரை கண் இருந்திருக்கிறது, இந்த வருஷம் போய்விட்டது. இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

பட்ட காலிலே படும் என்பது பொய்யில்லை. திங்கட்கிழமை லேபுக்குப் போனால் மேஜைமேல் ஒரு கடிதம். துணி வாங்குகிற கம்பெனிக்காரர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, ஷேடு பார்ப்பவர்களின் கண்ணைச் சோதிப்பார்கள். தேறினால்தான் கையெழுத்துப் போடும் உரிமை. இந்தத் தடவை ஆவணிக் கடைசியில், கோயமுத்தூர் அவிநாசி ரோட்டில் இருக்கும் அவர்கள் ஆபீசில். இதற்கு முன்னால் அந்தத் தேர்வு என்றால் அவளுக்குக் காப்பி குடிக்கப் போகிற மாதிரி.

அந்த மூன்று வாரமும் அவள் பட்டது கொஞ்சநஞ்சமில்லை. யாரிடமும் சொல்லவில்லை. கண் டாக்டரிடம் போகவில்லை, போனால் அவர் சொல்லிவிடுவாரே! அம்மன் கோயிலில் பூக் கேட்டுப் பார்க்கலாமா என்றும் நினைத்தாள். பொட்டலத்தைப் பிரித்து வெள்ளைப்பூ வந்தால் சரி, சிவப்பு வந்துவிட்டால்? சாமியையும் தொந்தரவு செய்யவில்லை. மாடிக் கொட்டகைப் பக்கம் போகவேயில்லை. வீட்டில் நிறத்தைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டாள்.

லேபில் துணியைப் பார்த்ததும் சொல்லிவிடுகிறவள், இப்போது நிறத்தை அளக்கிற மெஷினில் வைத்து எண் என்ன வருகிறது என்று பார்த்தாள். மெஷினை இயக்குவது தல்ஹா. முப்பது வயது, லேபில் அவளுக்கு அடுத்த ஆள். நாலு நாள் பார்த்துவிட்டு அவன் கேட்டே விட்டான்.

“மேடம், மெஷின் உங்களக் கேட்டுத்தானுங்க இத்தன வருசம் எண்ணு சொல்லிட்டு இருந்துச்சு. இப்ப நீங்க மெஷினக் கேக்கறீங்க?”

“சும்மா ஒத்துப் பாக்கறனுங்க தல்ஹா” என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

பரீட்சை நாள் வந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து சூலூர் வரைக்கும் எதிரில் வந்த வண்டிகளின் நிறத்தையெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனாள்.

கண்ணாடி அறையில் விளக்குப் பெட்டிக்குக் கீழே நாலு நீளத் தட்டுகளை வைத்தார்கள். மொத்தம் எண்பத்தைந்து வில்லைகள், சட்டைப் பொத்தான் மாதிரி. ஒவ்வொன்றும் பக்கத்து நிறத்திலிருந்து மயிரிழை மட்டும் மாறியிருக்கும். கலைத்துப் போட்டுவிடுவார்கள். நிறம் படிப்படியாக மாறுகிற வரிசையில் அடுக்க வேண்டும். அடியில் எண் இருக்கிறது, அதை அடுக்குகிறவர் பார்க்கக் கூடாது. பிழைக்குப் பிழை மதிப்பெண் ஏறும். இருபதுக்குள் நின்றால் நல்ல கண்.

முதல் தட்டு சிவப்பும் காவியும். ஹரிதா வீட்டுச் சுவரில் அலறிக்கொண்டிருந்த அதே நிறங்கள். கையுறைக்குள் விரல் வியர்த்தது. முதல் வில்லையை எடுத்து வைத்தாள். இரண்டாவதை எடுத்து, வைத்து, மாற்றி, மறுபடியும் வைத்தாள். பிறகு எப்போதோ பயம் மறந்துவிட்டது. வேலை என்று வந்துவிட்டால் அந்தக் கண்ணுக்கு வேறெதுவும் தெரியாது. நாலாவது தட்டை முடித்துக் கையை எடுத்தபோதுதான் பயம் திரும்பி வந்தது.

சோதிக்கிற பெண் வில்லைகளைத் திருப்பித் திருப்பி எண்களைக் குறித்தாள். கூட்டினாள். மறுபடியும் கூட்டினாள். தெய்வாத்தாள் காலுக்குக் கீழே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எட்டுங்க மேடம்.”

“எட்டுன்னா?”

“போன தடவ பன்னெண்டு எடுத்திருக்கீங்க. இப்ப எட்டு. இந்த வருசம் வந்தவங்கள்ல உங்களுக்குத்தான் கம்மி.”

தெய்வாத்தாள் நன்றி சொன்னாளா என்பதே அவளுக்கு ஞாபகமில்லை. கீழே இறங்கி வந்து, பஸ் ஸ்டாப்பில் நின்று, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பக்கத்தில் நின்ற ஒருத்தி “என்னங்கக்கா, யாருக்காச்சும் ஒடம்பு செரியில்லீங்களா?” என்று விசாரித்தாள். “எல்லாம் நல்லாருக்குதுங்க, எல்லாம் நல்லாருக்குதுங்க” என்று இரண்டு தடவை சொன்னாள். பிறகு டீக்கடையில் சூடாக மூன்று வாழைக்காய் பஜ்ஜி சாப்பிட்டாள். மூன்று வாரத்தில் அன்றைக்குத்தான் வாய்க்கு ருசி தெரிந்தது.

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று. வாசலில் பாதாம் இலை ஒன்று அப்போதுதான் விழுந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு, சேலைகூட மாற்றாமல் நேரே மாடிக்கு ஏறினாள். சிவப்பைக் கலந்தாள். இலையில் ஒரு பொட்டு வைத்தாள். பொட்டு அழகாகக் கரைந்தது. எவ்வளவு நாளாச்சு! இந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது காட்ட வேண்டும்போல் இருந்தது. இலையைப் பிடித்துக்கொண்டு கீழே குடோனுக்குப் போகப் படி இறங்கினாள்.

கொட்டகை நிழலைத் தாண்டி நாலாவது படியில் வெயில் பட்டது. இலையில் பொட்டு, நெற்றிக் குங்குமம் மாதிரி பளீரென்று நின்றது.

திரும்ப ஏறிக் கொட்டகைக்குள் போனாள். பொட்டைக் காணோம். இறங்கினாள். பொட்டு இருந்தது. ஏறினாள். காணோம். மூன்றாவது தடவை உள்ளே போனபோது, இருபத்தேழு வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்ததைத் தானும் செய்தாள். முதலில் வெளிச்சத்தைப் பார்த்தாள். தலையைத் தூக்கினாள்.

மேலே பச்சை ஷீட்டு.

பச்சை வெளிச்சத்தில் சிவப்பும் காவியும் பழுப்பும் எல்லாம் ஒரே கருக்கல்தான். எது எவ்வளவு சிவப்பு என்று எந்தக் கண்ணாலும் சொல்ல முடியாது. கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் கண் பழகிக்கொள்ளும், பச்சை இருப்பதே தெரியாது. சாயப்பட்டறையில் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் சொல்லித் தருகிற பாடம் இது. கடைக்காரர்களின் டியூப்லைட்டை நம்பாதவள், கட்டினவர் போட்டுக் கொடுத்த கூரையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பியிருக்கிறாள். தெய்வாத்தாள் நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். தறிச் சத்தத்தையும் மீறி அது கீழே கேட்டிருக்க வேண்டும், சென்னியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

“ஏனம்மணி, என்ன ஆச்சு?”

சொன்னாள். மிளகாய்ப் பழத்திலிருந்து பஜ்ஜி வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். அவர் சிரிக்கவில்லை.

“இத்தன நாளா உன்ற கண்ணு போயிருச்சுன்னு நெனச்சுட்டா இருந்தே? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே.”

“சொல்லிப்போட்டா நெசமாயிருமோன்னு பயமா இருந்துச்சுங்க.”

அவர் ஷீட்டை அண்ணாந்து பார்த்தார். பிறகு ஸ்பானரும் ஏணியும் எடுத்துவரக் கீழே போனார். அந்த இடைவெளியில் தெய்வாத்தாள் ஹரிதாவுக்குப் போன் போட்டாள்.

“கண்ணு, அந்தப் படத்தக் கழட்டி வெய்யி. வேற வரஞ்சு தாரேன்.”

“அய்யோ பெரிம்மா, எங்க ஊட்டுக்கு வாரவங்க எல்லாரும் மொதல்ல அதத்தானுங்க பாக்கறாங்க. நான் தரமாட்டேன்.”

“அப்படின்னா ஹாலுக்குப் பச்சை ஸ்கிரீன் வாங்கிப் போடு. படம் தானா செரியாயிரும்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். ஹரிதாவுக்கு ஒரு எழவும் புரிந்திருக்காது.

சென்னியப்பன் ஏணியில் ஏறி போல்ட்டுகளைக் கழற்றினார். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஆசையாக முடுக்கியவை. முதல் ஷீட்டைத் தூக்கி நகர்த்தியதும் வெயில் சடாரென்று உள்ளே இறங்கியது. தரையில் கிடந்த இலையில் பொட்டு தெரிந்தது. ஆறு நிறத்துக்குமேல் அறியாத அந்த மனுஷன் மேலேயிருந்தே அதைப் பார்த்துவிட்டு, “அட, ஆமா! எனக்கே தெரியுது” என்றார்.

சொன்னவர் அடுத்த போல்ட்டுக்குப் போகவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து வெயிலில் நீட்டிப் பிடித்தார்.

“இது என்ன கலரு, சொல்லு பாக்கலாம்.”

விளையாட்டாகக் கேட்கிற மாதிரிதான் கேட்டார். குரலில் விளையாட்டு இல்லை. தெய்வாத்தாள் கையைப் புருவத்துக்கு மேலே வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

“வெள்ளைங்க. ஆனா லேசா ரோஸு ஏறியிருக்குது. என்ற செவப்புச் சீலையோட போட்டு ஊற வெச்சுப்போட்டீங்களா?”

“அது ஆச்சு, பதனஞ்சு நாளு. தெனமும் இதத்தான் போட்டுட்டு உன்ற முன்னால திரிஞ்சேன். ஏன் இன்னும் கேக்கலைன்னு எனக்கு ஒரே ரோசனையா இருந்துச்சு அம்மணி” என்றார் சென்னியப்பன்.

அந்தத் துண்டாலேயே முகத்தை ஒருதரம் அழுத்தித் துடைத்துக்கொண்டு, அடுத்த போல்ட்டைத் திருகப் போனார்.